அய்யா கொடுத்த மூவாயிரம்

பார்சலைப் பிரித்தது தங்கமணி. வில்லங்கம் அங்கேதான் ஆரம்பித்தது.

மிக்சி ஜாருக்கு ரப்பர் வளையம் ஆர்டர் போட்டுவிட்டு ஒரு வாரமாக வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார் அம்மணி. பெல் அடித்ததும் வாங்கி, மேலே யார் பேர் என்றுகூடப் பார்க்காமல் கிழித்துவிட்டார். உள்ளே இருந்தது கத்தி. நான் அப்போது கிளையில் ஒரு கடன் ஃபைலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். போன் வந்தது.

"உங்க பிள்ளை கத்தி வாங்கியிருக்கான்."

கவனிக்கவும், 'உங்க பிள்ளை'. கணக்கில் 95 வாங்கினால் என் பிள்ளை, கத்தி வாங்கினால் உங்க பிள்ளை :-)

"காய் நறுக்குற கத்தியா?"

"காட்டுக்குக் கொண்டு போற கத்தியாம். உறையெல்லாம் போட்டு அனுப்பியிருக்காங்க. வீட்டுக்கு வாங்க, பேசிக்கலாம்."

அன்று சாயங்காலம் கோபர்கைரனே ஸ்டேஷனில் இறங்கி, தீன் டாக்கி தாண்டி வீடு போய்ச் சேருவதற்குள் ஒரு மேலதிகாரியின் பேச்சைத் தயார் செய்துவிட்டேன். பதினாறு வயசு, பதினொன்றாம் வகுப்பு, படிக்கிற வேலையைப் பார், நாளைக்கே திருப்பி அனுப்பு. இவ்வளவுதான் பேச்சு.

பையன் வாதமே செய்யவில்லை. "இது அய்யா குடுத்த காசுப்பா" என்றான். பேச்சு தொண்டையோடு நின்றுவிட்டது.

அய்யா என்றால் எங்கள் சிவகங்கைப் பக்கம் அப்பாவின் அப்பா. அதாவது என் அப்பா. 2024 தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது பேரன் கையில் ஆறு ஐந்நூறு ரூபாய் நோட்டை மடித்து வைத்து, "பத்தாப்புப் பரிச்சைய நல்லா எழுது. ஒனக்கு என்ன புடிக்கிதோ வாங்கிக்க. ஒங்கப்பன்ட்ட கேக்காத" என்றார். அடுத்த தை மாதம் போய்ச் சேர்ந்துவிட்டார். பையன் பரீட்சை எழுதினான், பாஸானான், அந்தப் பணத்தைத் தொடவே இல்லை. முதல் தடவை தொட்டது இதற்குத்தான்.

சரி, கத்தியைப் பற்றிச் சொல்கிறேன். ஸ்வீடனில் மோரா என்று ஒரு ஊர். நூறு வருஷத்துக்கு மேலாகக் கத்திக்குப் பேர் போனது. எங்களுக்குத் திருப்பாச்சேத்தி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அலகு பத்து சென்டிமீட்டர் சொச்சம், முதுகுத் தடிமன் இரண்டரை மில்லிமீட்டர். மடக்க முடியாது. மடக்குக் கத்தியில் கீல் இருக்கும், பலம் போட்டால் கீல் ஆட்டம் கொடுக்கும். இதில் அலகின் வால் நேராகக் கைப்பிடிக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. காட்டில் குச்சி சீவ, சிறு விறகு பிளக்க என்றே செய்கிறார்கள். பையன் ஒரு வருஷமாக யூடியூபில் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். நான் பாடம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தங்கமணியின் பயத்தைக் குறை சொல்ல முடியாது. 2022, 2023 வாக்கில் புனேயில் 'கோய்தா கேங்' என்று தினமும் செய்தி. மீசை முளைக்காத பையன்கள் அரிவாளோடு தெருவில் இறங்கி வண்டிகளை உடைத்த கதைகள். போதாததற்கு நம் ஊர்ப் பெயர் வேறு. 2005-ல் 'திருப்பாச்சி' படம் வந்த பிறகு, நான் சிவகங்கைக்காரன் என்றதும் "அருவா எங்க சார்?" என்று கேட்காத தமிழ் நண்பர் மும்பையில் கிடையாது. நானும் சிரித்து மழுப்பிவிடுவேன்.

முடிவில் சமரசம் ஏற்பட்டது. வங்கிப் பெட்டகம் மாதிரி ஜாயின்ட் கஸ்டடி. பீரோ உள்ளறைக்கு ஒரு சாவி, பீரோவுக்கு ஒரு சாவி, ஆளுக்கு ஒன்று. ஒருத்தர் மட்டும் திறக்க முடியாது. பையனுக்குச் சாவியே இல்லை. ஒரு நாள் நானே அவனை வெளியே கூட்டிப்போய்க் கத்தியைச் சோதித்துப் பார்ப்பது, அதற்குப் பிறகு வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு.

"கர்நாலா போலாம்ப்பா" என்றான் பையன். பன்வேலைத் தாண்டினால் பறவைகள் சரணாலயம், நல்ல காடு. ஆனால் இருபது வருஷம் சுற்றறிக்கை படித்த புத்தி சும்மா இருக்குமா? சட்டத்தை எடுத்துப் படித்தேன். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் எழுத்துமூல அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. ஆயுதம் எது என்ற வரையறையில் துப்பாக்கி, வலை, கண்ணியோடு கத்தியும் இருக்கிறது. போரிவலி தேசியப் பூங்காவுக்கும் இதே கதைதான். ஆயுத விதிகள், 2016-ஐயும் பார்த்தேன். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள்தான் அந்தப் பட்டியலில். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் என்று செய்தவை விலக்கு. நம் கத்தி அந்த அளவில் பாதிகூட இல்லை. தங்கமணியிடம் வாசித்துக் காட்டினேன். "சட்டம் இருக்கட்டும், விரல் பத்தும் திரும்பி வரட்டும்" என்றார்.

என்னோடு வேலை பார்க்கும் மராத்தி நண்பருக்குக் கர்ஜத் பக்கம் கொஞ்சம் சொந்த நிலம். மா, நாவல், ஓரத்தில் தேக்கு, அதற்கு மேலே மலை. "மழையில் முறிந்து விழுந்த கிளைகள் நிறைய கிடக்கு. அதை என்ன வேணா பண்ணுங்க. நிக்கிற மரத்தைத் தொடாதீங்க, தீ மூட்டாதீங்க" என்று சொல்லி அனுப்பினார். 2025 நவம்பர், இரண்டாவது சனிக்கிழமை, வங்கி விடுமுறை. விடிகாலையில் தானே போய், அங்கிருந்து கர்ஜத் லோக்கல். பத்லாப்பூர் தாண்டியதும் கூட்டம் கழன்றது. ஜன்னலில் மாத்தேரான் மலை வர ஆரம்பித்தது. கத்தி என் பையில், டிபன் பாக்ஸுக்கு அடியில், உறையோடு துண்டில் சுற்றி. கள்ளக் கணக்கு எழுதினவன் மாதிரி வழியெல்லாம் எனக்குப் படபடப்பு.

சோதனைக்குப் பையன் நோட்டில் பட்டியல் போட்டு வந்திருந்தான். முதலில் காகிதம் வெட்டுவது. பிறகு குச்சி சீவுவது. பிறகு விறகு பிளப்பது. கடைசியில் மறுபடி காகிதம். வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே காகிதம் எப்படி வெட்டுகிறது என்று பார்த்தால் கூர் எவ்வளவு போயிற்று என்று தெரிந்துவிடுமாம். தணிக்கைக்காரன் புத்தி. இதற்கு மட்டும் என் பிள்ளை.

காகிதம் சத்தமில்லாமல் இரண்டானது. அடுத்து இறகுக் குச்சி. காய்ந்த குச்சியின் ஓரத்தை மெல்லிசாகச் சீவிக்கொண்டே வந்து, சீவல் உதிராமல் குச்சியிலேயே சுருண்டு நிற்கும்படி விடவேண்டும். நனைந்த காட்டில் தீ மூட்ட இதுதான் வழி. பையன் சீவியது கோழி இறகு மாதிரி வந்தது. நான் வாங்கி உட்கார்ந்து, குச்சியைத் தொடைமேல் வைத்து இழுத்தேன்.

"அப்பா, தொடைக்கு மேல வேணாம். அங்க பெரிய ரத்தக் குழாய் இருக்கு. தரையில ஊனிக்கங்க. கத்தி உடம்ப விட்டு வெளிய போகணும்."

மரியாதையாகத்தான் சொன்னான். ஆனாலும் நாற்பத்தைந்து வயசில் சுருக்கென்றது. அரிவாள் ஊரில் பிறந்தவன் நான், அடுக்குமாடியில் பிறந்தவன் அவன். என் குச்சியில் ஒரு சீவல்கூட நிற்கவில்லை.

பிளப்பதும் நன்றாகவே நடந்தது. கத்தியைக் கட்டையின் தலையில் வைத்து, முதுகில் இன்னொரு கட்டையால் தட்டினால் இறங்குகிறது. மாங்கட்டை மூன்று, தேக்கு ஒன்று. அப்புறம் காகிதம் பார்த்தால் ஒரு இடத்தில் பிய்ந்தது. பையன் கத்தியை வெயிலுக்கு நேரே பிடித்துக் காட்டினான். கூரான விளிம்பு வெளிச்சத்தைத் திருப்பாது, மழுங்கிய இடம் மட்டும் வெள்ளைப் புள்ளியாக மினுக்கும். தேக்கில் மணல் சத்து (சிலிக்கா) இருக்கிறது, உளி எல்லாம் சீக்கிரம் மழுங்குவது அதனால்தானாம்.

இந்த நேரத்தில்தான் நிலத்தைப் பார்த்துக்கொள்கிற பெரியவர் வந்தார். பக்கத்துத் தாகர் பாடிக்காரர், அறுபதுக்கு மேலிருக்கும். நண்பர் அவரை 'மாமா' என்பார், நாங்களும் மாமா என்றோம். மராத்தியிலும் மாமா மாமாதான், இந்த ஒரு சொல்லை வைத்தே இங்கே பாதி வாழ்க்கையை ஓட்டிவிடலாம். இடுப்புக்குப் பின்னால் ஒரு மரக்கொக்கியில் அவருடைய கோய்தா தொங்கிக்கொண்டிருந்தது.

கோய்தா என்ற சொல்லில் நம் 'கொய்' என் காதுக்குக் கேட்கும். முதலில் கேட்டது சின்ன வயசு அதிகாரியாகப் பீட் மாவட்டத்தில் இருந்தபோது. அங்கே கரும்பு வெட்டக் கிளம்புகிறவர்களில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து 'ஒரு கோய்தா'. மேஸ்திரி முன்பணம் கொடுப்பது தலைக்கணக்கில் இல்லை, கோய்தாக் கணக்கில். இரண்டு மனுஷருக்கும் சேர்த்துப் பேர் ஒரு அரிவாளின் பேர். கமர்ஸ் படித்த எனக்கு அந்தக் கணக்கு அன்றைக்கு விளங்கவே இல்லை.

மாமா ஸ்வீடன் கத்தியை வாங்கினார். கட்டை விரலைக் கூரின் குறுக்கே லேசாக வைத்துப் பார்த்தார். உறையில் போட்டார், எடுத்தார்.

"பாஜி காபாய்லா பரா ஆஹே" என்றார். காய் நறுக்க நல்லா இருக்கும்.

பையன் முகம் தொங்கிவிட்டது. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். மாமா கோய்தாவை எடுத்து மணிக்கட்டுத் தடிமன் கிளையில் சாய்வாக ஒன்று, எதிர்ச்சாய்வாக ஒன்று. துண்டாகி விழுந்தது. நாங்கள் அதே தடிமனில் பத்து நிமிஷம் போராடியிருந்தோம். அவருடையது லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தது. எங்கள் பக்கத்து அரிவாளும் அதே சரக்குதான். வளைந்து நிமிரவென்றே செய்த இரும்பு, அடி தாங்கும். எடை முழுக்க முனைப்பக்கம், அதனால் பாதி வெட்டை எடையே வெட்டிவிடும். நூறு கிராம் சொச்சம் உள்ள கத்தி சீவத்தான் சீவும், வெட்டாது. அதன் வேலை வேறு.

பையன் தானும் ஒரு வெட்டு வெட்டட்டுமா என்று கேட்டான். மாமா நிற்கும் முறை சொல்லிக் கொடுத்தார். கால் இரண்டும் அகலம், வெட்டு உடம்புக்கு வெளிப்பக்கம். அவன் ஓங்கினான். கிளை உருண்டது. நான் குனிந்து அந்தப் பக்கத்து முனையைப் பிடித்துக்கொண்டேன். யோசித்துப் பிடிக்கவில்லை. கை தானாகப் போனது.

"லாம்ப் ராஹா!" என்று கத்தினார் மாமா. தள்ளி நில்.

பையன் கோய்தாவை இறக்கிவிட்டான். "அப்பா, வட்டத்துக்குள்ள இருக்கீங்க." கை நீளமும் அலகு நீளமும் சேர்த்துச் சுற்றினால் வருகிற வட்டம். அதற்குள் யாரும் இருக்கக் கூடாது. வீடியோவில் முதல் பாடமே அதுதானாம்.

எனக்குக் கால் தளர்ந்துவிட்டது. ஒரு கட்டையில் உட்கார்ந்தேன். இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுத்த வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1992. எனக்குப் பன்னிரண்டு வயசு. கண்மாயில் தண்ணீர் இல்லாத வருஷங்களில் அப்பா சீமைக் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுவார். அவருடைய அரிவாள் திருப்பாச்சேத்திப் பட்டறையில் சொல்லி அடித்தது. மூக்கு வளைந்திருக்கும், முள் கிளையைக் கை படாமல் கொக்கி போட்டு இழுக்க. லீவு நாளில் நானும் கூடப் போவேன். என் வேலை கிளை ஆடாமல் முனையைப் பிடித்துக்கொள்வது. அன்றைக்கு ஒரு முள் குத்தியது. நான் கையை வெடுக்கென்று எடுத்து முன்னால் மாற்றிப் பிடித்தேன், வெட்டு விழுகிற இடத்தில். அரிவாள் ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்தது. அப்பா மணிக்கட்டைத் திருப்பினார். அவருடைய இடது ஆள்காட்டி விரலில் ஒரு கணு போய்விட்டது.

துண்டைச் சுற்றிக்கொண்டு, என்னைச் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து, ஒற்றைக் கையால் ஓட்டி மானாமதுரை ஆஸ்பத்திரிக்குப் போனார். அம்மாவிடம் "கை தவறிருச்சு" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு என்னை அரிவாள் பக்கம் விடவில்லை. தேங்காய் உடைக்க எடுத்தால்கூட, "அதத் தொடாத. நீ பேனாவப் புடி" என்பார்.

நான் பேனாவைப் பிடித்தேன். பி.காம், வங்கித் தேர்வு, மும்பை. அப்பா சொன்ன அந்த வாக்கியத்தை எத்தனையோ மேடையில், பார்ட்டியில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன், படிப்பின் அருமை தெரிந்த விவசாயி என்று. விரல் கதையை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. தங்கமணியிடம்கூட.

அன்றைக்கு அந்தக் கட்டையில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. அவர் பயந்திருக்கிறார். வட்டம், அலகு நீளம் என்றெல்லாம் சொல்லிக் கொடுக்க அவருக்கு யாரும் இல்லை. பிள்ளையை வட்டத்துக்கு வெளியே நிறுத்த அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். நானும் வெளியிலேயே நின்றுவிட்டேன். சாணை பிடிக்கத் தெரியாது, கிளை வெட்டத் தெரியாது, அவரோடு சேர்ந்து செய்ய ஒரு வேலை கிடையாது. கடைசிப் பத்து வருஷம் போனில் எங்களுக்குள் மிஞ்சியது "பணம் வந்துருச்சா?", "வந்துருச்சுப்பா".

பையனிடம் சொன்னேன். முதல் தடவை. அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "கதிரடிக்கிற மெஷின்ல போச்சுன்னு சொன்னாரே அய்யா" என்றான்.

பேரனிடம்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை மனுஷன்.

மாமாவுக்கு எங்கள் தமிழ் புரியவில்லை, முகம் புரிந்திருக்கும். ஒரு கல்லைக் கொண்டுவந்து தண்ணீர் தெளித்து, கத்தியை என் கையில் கொடுத்தார். பையனிடம் கொடுக்கவில்லை, என்னிடம். இந்த வகைக் கத்தியில் இரண்டு பக்கமும் ஒரே அகலச் சரிவு. சரிவு முழுசும் கல்லில் படிகிற மாதிரி வைத்தால் கோணம் தானாகக் கிடைக்கிறது. முன்னால் தள்ளு, திருப்பு, இழு. தூக்கினால் மாமா "ஊஹூம்" என்பார். அரை மணி நேரத்தில் அந்த வெள்ளைப் புள்ளி மறைந்தது. கடைசியாக என் பெல்ட்டைக் கழற்றி அதன் உள்பக்கத்தில் நாலு இழுப்பு. காகிதம் மறுபடி சத்தமில்லாமல் இரண்டானது. இருபது வருஷ உத்தியோகத்தில் எனக்கு இப்படி ஒரு சந்தோஷம் வந்ததாக நினைவில்லை.

திரும்பும்போது லோக்கலில் இருந்தே அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, அப்பாவோட அருவா எங்கம்மா இருக்கு?"

"அடுப்படிலதான் கெடக்கு. எதுக்கு?"

"இங்க கொண்டாந்து வச்சுக்கலாம்னு."

"நல்லாருக்கே கத. மட்டை வெட்ட, தேங்கா உரிக்க எனக்கு வேணாமா? நீ அங்க வச்சு என்ன செய்யப் போற?"

நியாயம்தான். குறையும் மதிப்பு முறையில் தேய்மானம் போட்டால் ஒரு சொத்தின் மதிப்பு எந்தக் காலத்திலும் பூஜ்யத்துக்கு வராது என்று பி.காமில் படித்தோம். அப்பா தீட்டித் தீட்டி அந்த அரிவாள் அகலத்தில் பாதியாகிவிட்டது. இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. அதைப் போய் நான் சுவரில் மாட்டப் பார்த்தேன்.

"சரிம்மா. கூர் இருக்கா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "மொக்கையாத்தான் கெடக்கு. அவுக போனதுலருந்து ஆரு புடிக்கிறா?"

"பொங்கலுக்கு வாறோம். நான் புடிச்சுத் தாறேன்."

"நீயா?" என்றார் அம்மா.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாள்தான், பொங்கல் டிக்கெட் அடுத்த சில நாளில் திறந்தது. மூன்று டிக்கெட் எடுத்தாயிற்று. இரண்டு பக்கக் கல் ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன். பையன் தினமும் என்னைத் தக்காளி கத்தியில் பழக வைக்கிறான்.

பி.கு.: ஜாயின்ட் கஸ்டடி ரத்தாகிவிட்டது. போன வாரம் பரங்கிக்காய் வெட்டுவதற்குத் தங்கமணி இரண்டு சாவியையும் வாங்கித் தானே திறந்து எடுத்தார். மாமா சொன்னது சரிதான் என்கிறார். கத்தி இப்போது சமையலறையில் இருக்கிறது. பையன் அம்மாவிடம் அனுமதி கேட்டு எடுத்துக்கொள்கிறான்.